யாருலே இது, நம்ம அப்பாவா?

எங்கள் ஊரில் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கதை வாசிப்புக் கூட்டம் நடக்கிறது. எழுதுகிறவர்களும் பென்ஷன்காரர்கள், கேட்கிறவர்களும் பென்ஷன்காரர்கள். ஒரு காப்பி, ஒரு வடை உண்டு. நானும் ஐந்து வருடமாகத் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன். (வடைக்காகத்தான் என்று வீட்டில் சொல்வார்கள். முழுப் பொய் இல்லை.)

போன கூட்டத்தில் ஆறு கதைகள் வாசித்தார்கள். ஆறிலும் ஒரு வயதானவர். ஆறு பேரும் உத்தமர்கள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள். ஆறு பிள்ளைகளும் நன்றி கெட்டவர்கள். நான்கு பேர் அமெரிக்காவில், ஒருவன் பெங்களூரில். உள்ளூரிலேயே இருக்கிற ஆறாமவன் பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவன். மூன்று பெரியவர்கள் முதியோர் இல்லத்தில் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கதை முடிவதற்குள் செத்துப்போனார்கள், அதில் ஒருவர் தீபாவளி அன்று. மருமகள்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. எல்லோரும் சீரியல் பார்த்தார்கள்.

வாசித்து முடித்ததும் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்னிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். "இந்த ஆறு பேரில் ஒருத்தரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை" என்றேன். உடனே ஒரு நண்பர், "உமக்கு நெஞ்சில ஈரமே கிடையாது வேய்" என்று எழுந்து போய்விட்டார். அவருக்குப் பதில் சொல்ல அன்றைக்கு நேரம் வாய்க்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கருவூலத்தில் வேலை பார்த்தவன். வயதானவர்களை நான் பார்த்த அளவுக்கு ஒரு டாக்டரோ அர்ச்சகரோதான் பார்த்திருக்க முடியும். அப்போதெல்லாம் வருடம் தவறாமல் ஏப்ரலில் இருந்து ஜூன் வரை ஓய்வூதியர் நேர்காணல். உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்ட, பென்ஷன் புத்தகத்தோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். (இப்போது தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல்ரேகை எடுத்துக்கொள்கிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கூட்டம் போய்விட்டது.) நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார்கள். நாங்கள் வெளியே போய், ஆட்டோவுக்குள் தலையை நுழைத்து, முகத்தையும் போட்டோவையும் ஒத்துப்பார்த்து வருவோம்.

ஒரு சித்திரை வெயிலில் ஒரு மகன் தன் அப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறி வந்தார். ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம் என்று சொன்னோம். அவர் கேட்கவில்லை. "அப்பா ஆபீசை உள்ள வந்து பாக்கணும்னு சொன்னாங்க சார்" என்றார். பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியைச் சரிசெய்து, வாயோரம் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்துவிட்டார். எனக்குத் தொண்டையை அடைத்தது. கையெழுத்தெல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்த மகன் என் மேஜைப் பக்கம் குனிந்து, அப்பாவுக்குக் கேட்காதபடி, "சார், அரியர் எப்ப வரும்? இவங்க இருக்கும்போதே வந்துருமா?" என்றார்.

இந்த மகனை எங்கள் கூட்டத்தில் யாரிடமாவது கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாக வெட்டிவிடுவார்கள். அப்பாவைத் தூக்கி வந்தவனை வைத்து ஒரு கதை, அதற்கு 'தாங்கிய கரங்கள்' என்று பெயர். அரியர் கேட்டவனை வைத்து இன்னொரு கதை, அதற்குப் 'பணம்' என்று பெயர். நான் பார்த்த ஆள் இரண்டு கதையிலும் இருக்க மாட்டார். அவர் துண்டால் துடைத்ததும் நிஜம், அரியர் கேட்டதும் நிஜம். கேட்டதில் தப்பும் இல்லை. அப்பாவுக்கு வாங்கிய மாத்திரைக் கடனாகக்கூட இருந்திருக்கலாம்.

இன்னொருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எண்பது வயது முடிந்தால் பென்ஷனில் இருபது சதவீதம் கூடுதலாக வரும். எழுபத்தெட்டிலிருந்தே மாதாமாதம் வந்து, "இன்னும் இருபத்தோரு மாசம்", "இன்னும் பதினாலு மாசம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கும் வெளிநாட்டில் ஒரு மகன் உண்டு. எங்கள் கூட்டத்துக் கதையாக இருந்தால் அந்த மகனுடைய போனுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். இவர் இருபது சதவீதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "அது வந்ததும் என்ன சார் செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "பையன் மாசாமாசம் அனுப்புதான். அதை வேண்டாம்னு சொல்லிரலாம்லா" என்றார். அவருக்கு மகன் மேல் இருந்த பாசம், ரோஷம், கணக்கு எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்து யோசித்து எழுத நமக்கு வராத வாக்கியம் அது.

நண்பர் கேட்கலாம்: பெற்றோரைத் தவிக்கவிடும் பிள்ளைகள் இல்லையா? இருக்கிறார்கள். இல்லாவிட்டால் 2007இல் பெற்றோர் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு சட்டம் எதற்கு? கோட்டாட்சியர் முன்னால் மகனை எதிரே நிறுத்தி மாதாந்திரச் செலவுக்குக் கேட்கிற நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது. அப்படி ஒரு தகப்பனைப் பற்றி எழுதுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரையாவது முழுசாக எழுதுங்கள். மூத்தவனுக்கு வீட்டை எழுதிவைத்துவிட்டு இளையவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாரா? மருமகள் வந்த புதிதில் அவள் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லி வைத்தாரா? அதனால் அவரைப் பட்டினி போடலாம் என்று ஆகிவிடாது. அவர் பசித்திருப்பதை வாசிக்கிறவன் நம்புவதற்கு அவர் முதலில் ஓர் ஆளாக இருக்க வேண்டும். குற்றமே செய்யாத ஒருவர் பசித்திருந்தால் அது வெறும் காலண்டர் படம்.

நம் ஊர்க்காரர்கள் இதை எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராட்வே முனையில் நின்றுகொண்டு, டிராமுக்கு எவ்வளவு, வெற்றிலை பாக்குக்கு எவ்வளவு என்று காலணாக் கணக்குப் போடுகிறார். பக்கத்தில் கடவுள் வந்து நிற்கிறார். அவரிடம் மோட்சமா கேட்டார்? தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். கடவுளை நம்புவதற்கு எனக்குச் சிரமமாக இருக்கலாம், கந்தசாமிப் பிள்ளையை நம்பாமல் இருக்க முடியாது. அந்தக் காலணாதான் அவருக்கு உயிர்.

வண்ணநிலவனின் 'எஸ்தர்' இன்னும் கடினம். பஞ்சத்தில் ஊரே காலியாகிறது. குடும்பம் புறப்பட வேண்டும். வீட்டில் நடமாட முடியாத ஒரு பாட்டி. அந்த வீட்டைத் தாங்குகிறவள் எஸ்தர். அவள் பொல்லாதவள் இல்லை. அன்றிரவு என்ன நடந்தது என்பதை ஆசிரியர் உடைத்துச் சொல்லவில்லை. நமக்குப் புரிந்துவிடுகிறது. எஸ்தரை மன்னித்துவிடுங்கள் என்று அவர் நம்மிடம் கெஞ்சவும் இல்லை, அவளைத் தூக்கில் போடுங்கள் என்று சொல்லவும் இல்லை. நானும் முதியவன்தான். பாட்டி இடத்தில்தான் நான் இருக்கிறேன். இருந்தும் எஸ்தரை வெறுக்க முடியவில்லை. அந்தக் கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. எங்கள் கூட்டத்துக் கதைகளைக் கேட்டு அழுத இரவுகளிலெல்லாம் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

ஜானகிராமன் 1966இல் 'அம்மா வந்தாள்' எழுதியபோது அம்மாவை இப்படி எழுதலாமா என்று குதித்தவர்கள் உண்டு. இப்போதும் கூட்டத்தில் ஒருவர் அந்தப் பேரை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார். அலங்காரத்தம்மாள் தப்புச் செய்தவள், மகனை வேதபாடசாலைக்கு அனுப்பி அதைக் கழுவப் பார்ப்பவள். எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்போல் இருக்கிற அவள் புருஷன் தண்டபாணியை நினைத்துப் பாருங்கள். நம்மில் ஒருவர் எழுதியிருந்தால் அவர் கதையில் பாதிநேரம் புலம்பியிருப்பார்.

இவ்வளவு பேசுகிற நீ என்ன எழுதிக் கிழித்தாய் என்று கேட்பீர்கள். நியாயம். இனி எழுதப்போவதை அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதே கூட்டத்தில் நானும் ஒரு கதை வாசித்தேன். 'அப்பாவின் குடை' என்று தலைப்பு. அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். மழையில் தன் குடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே இரண்டு மைல் நடப்பார். மகன் படித்து உத்தியோகம் பார்ப்பான். கடைசியில் பழைய குடையைப் பரணிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்து அழுவான். குடை நிஜம். மழையும் நிஜம். அன்றைக்கு வாசித்து முடித்தபோது இன்றைக்கு எழுந்துபோன அதே நண்பர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெருமையில் கதையை ஜெராக்ஸ் எடுத்து அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். எனக்கு ஐந்து வயது மூத்தவள். மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறாள். நாலு நாள் கழித்துப் போன் செய்தாள்.

"யாருலே இது, நம்ம அப்பாவா?"

"ஆமாக்கா" என்றேன். பாராட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப, படிப்புல நாட்டமில்லாத அந்தப் பொண்ணு யாரு?"

எனக்கு முதலில் புரியவில்லை. கதையை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. மூத்த மகளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லாததால் அப்பா தன் நம்பிக்கை முழுவதையும் மகன்மேல் வைத்தார் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அந்த வரியை நான் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதிவிட்டது.

நடந்தது இதுதான். 1963இல் அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். பள்ளியில் அவள்தான் முதல். ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தபால்காரர் அதை என் கையில் கொடுத்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. நான் அதை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா பிரித்துப் படித்துவிட்டு, மடித்து, உத்திரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவில் செருகி வைத்தார். "அக்காட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். சொல்லவில்லை. தேதி கடந்து பத்துநாள் கழித்து, தபால்காரர் தெருவில் அக்காவைப் பார்த்து, "என்னம்மா, நேர்முகத்துக்குப் போய்ட்டு வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

அப்பா கெட்டவர் இல்லை. இரண்டு பேருக்கும் கட்ட அவரிடம் காசு இல்லை. ஹாஸ்டலில் பெண்ணைத் தங்கவைக்கப் பயம். கல்யாணச் செலவு கண்முன்னால் நின்றது. இதையெல்லாம் அவர் அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்குத் தன் மகளிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அக்கா அழுது ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு காரியம் நடந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா நாலு மைல் நடந்து நூலகத்துக்குப் போய் அக்காவுக்குப் புத்தகம் எடுத்து வருவார். அவள் கல்யாணமாகிப் போகிறவரை, மூன்று வருடம், மழையோ வெயிலோ. அவள் கையில் கொடுக்க மாட்டார். அடுப்படித் திண்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவளும் நன்றி சொல்ல மாட்டாள். படித்து முடித்து அதே திண்டில் வைப்பாள். அப்பாவுக்கு மகள்மேல் எவ்வளவு பிரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரியம்தான். ஆனால் பிரியம் மட்டும் இல்லை.

இப்போது சொல்லுங்கள். எந்த அப்பா உங்களுக்கு உயிரோடு தெரிகிறார்? குடை கொடுத்தவரா, கடிதத்தை ஒளித்துவிட்டு மூன்று வருடம் புத்தகம் சுமந்தவரா? இரண்டு பேரும் ஒரே ஆள். என் கதைக்காக முதல் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் ஆளைத் தள்ளிவிட்டேன். அவரைத் தள்ளுவதற்கு அக்காவை மக்காக்க வேண்டியிருந்தது. அப்பாவைச் சுத்தமாக்கிய அழுக்கை எங்கேயாவது கொட்டியாக வேண்டும் அல்லவா? அவள் தலையில் கொட்டினேன். 1963இல் ஒருமுறை அவளை ஏமாற்றினார் அப்பா. அறுபது வருடம் கழித்து அதே காரியத்தை நான் செய்தேன். இந்த முறை கைதட்டு வேறு கிடைத்தது.

அப்பாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கூட்டத்தில் கேட்கிறார்கள். இதுதான் நஷ்டம். ஒரு கதையில் யாராவது ஒருவர் மாசு மருவில்லாமல் இருந்தால் நான் உடனே பக்கத்தில் பார்க்கிறேன். அங்கே கட்டாயம் ஒருவர் நசுங்கிக் கிடப்பார். பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார். தியாகம் செய்த அப்பாவுக்குப் பக்கத்தில், வாயே திறக்காத அம்மா. (அவள் என்ன விற்றாள், எதை அடகு வைத்தாள், அதைப் பற்றி என்ன பேசினாள் என்று ஒரு வரி இருக்காது. என் அம்மா நன்றாகவே பேசுவாள். தெருமுனைவரை கேட்கும்.) கைவிடப்பட்ட மாமனாருக்குப் பக்கத்தில், கல்நெஞ்சுக்கார மருமகள்.

மருமகள் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஆறு கதைகளில் மருமகளை மிக மோசமாகத் திட்டியிருந்தவரைக் கூட்டம் முடிந்து யார் வந்து அழைத்துப் போனார்கள் தெரியுமா? அவருடைய மருமகள். பேங்கில் வேலை பார்க்கிற பெண். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "மாமா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா? வடை எத்தனை சாப்பிட்டீங்க?" என்று கேட்டது. கேட்ட குரலில் அன்பு இருந்தது, கொஞ்சம் சலிப்பும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கும் லீவுதானே. இவர் ஒன்று சாப்பிட்டேன் என்று பொய் சொன்னார். மூன்று. அந்தப் பெண் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பியது. ஒரு முழுக் கதை அங்கே வாசலிலேயே நடந்து முடிந்தது. உள்ளே முக்கால் மணிநேரம் அவர் வாசித்தது வேறு ஏதோ.

ஏன் இப்படி எழுதுகிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நமக்குத் தீர்ப்பு வேண்டியிருக்கிறது. நாம் நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம், குறையெல்லாம் அடுத்த தலைமுறையிடம்தான் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் நிம்மதி. அதற்குக் கதை எதற்கு? மனுவாகவே எழுதிக் கோட்டாட்சியரிடம் கொடுத்துவிடலாம். மனுவில் எதிர்மனுதாரர் எப்போதும் கெட்டவர்தான். இத்தனை வருடம் அரசாங்கத்துக்கு மனுவும் பதிலும் எழுதிய கை, கதையிலும் அதையே எழுதுகிறது.

அன்றைக்கு அக்கா போனை வைத்த பிறகு மூன்று வருடம் அந்தக் கதைப் பக்கமே போகவில்லை. இந்தத் தடவை கூட்டத்திலிருந்து வந்த ராத்திரி எடுத்தேன். குடையை வெட்டவில்லை, அது இருக்கிறது. கடிதத்தையும் உத்திரத்தையும் அடுப்படித் திண்டையும் சேர்த்தேன். தபால்காரரிடம் கடிதம் வாங்கிய பையனையும் சேர்த்தேன். அந்தப் பையனை எழுதுவதுதான் எல்லாவற்றையும்விடச் சிரமமாக இருந்தது. அவனுக்கு அன்றைக்கே பாதி தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் அவனுக்கு அடுத்த வருடம் சைக்கிள் வாங்கித் தருவதாகப் பேச்சு இருந்தது. இதை இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை.

போன வியாழக்கிழமை முழுவதையும் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அரைமணி நேரம் ஆனது. இடையில் ஒருமுறைதான் பேசினாள். "மஞ்சக் கார்டுன்னு எழுதியிருக்கே. கார்டு இல்லலே. பழுப்புக் கவர். அப்பா அதைக் கிழிக்காம ஓரத்துல நீவிப் பிரிச்சிருந்தாங்க. நான் பெறகு உத்திரத்துல இருந்து எடுத்துப் பார்த்தேன்லா." அது எனக்குத் தெரியாது. திருத்திக்கொண்டேன்.

முடிந்ததும் கொஞ்சநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கூட்டத்துல படிக்கப் போறியா?"

"நீ வேண்டாம்னா படிக்கல."

"படி. ஆனா அப்பா பேரை மாத்திரு. நாலு பேருக்குத் தெரிஞ்ச பேரு."

மாற்றுகிறேன் என்றேன். உன் பேரையும் மாற்றிவிடட்டுமா அக்கா என்று கேட்டேன்.

"எம்பேரு இருக்கட்டும்" என்றாள்.